இலைக்கருகலைத் தாங்கும் நெல்: ஒரு மரபணுவா, மூன்றா, திருத்திய மரபணுவா?

பாக்டீரியா இலைக்கருகலைக் கண்டறிய ஆய்வகம் தேவையில்லை. ஓரம் மஞ்சளித்து அலையலையாகக் காய்ந்துவரும் இலையை நறுக்கி, வெட்டுமுனையைக் கண்ணாடித் தம்ளர் நீரில் அமிழ்த்துங்கள். சற்று நேரத்தில் பால்போன்ற கசிவு நூலாக இறங்கும். அத்தனையும் பாக்டீரியா. நீர்க்குழாய்களுக்குள்ளேயே குடியேறிவிடும் கிருமியை மருந்தடித்து விரட்டுவது கடினம். எதிர்ப்புத்திறனுள்ள இரகம்தான் நம்பகமான காப்பு. அப்படியொரு இரகத்தை உருவாக்க முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

எளிதானது, ஒற்றை மரபணுவை ஏற்றுவது. டிகேஎம் 6 இரகத்திலிருந்து ஐஆர் 20 போன்றவற்றுக்குச் சென்ற எக்ஸ்ஏ4 என்ற எதிர்ப்பு மரபணு ஆசியாவில் பரவலாக வயலேறியது. ஒரே தடையைப் பரந்த நிலத்தில் ஆண்டுக்கணக்கில் சந்தித்த கிருமியில், அதை மீறும் வகைகள் தோன்றிப் பெருகின. மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்த எக்ஸ்ஏ21 அதைவிட வலிமையானது. பல்வேறு கிருமி வகைகளைத் தடுக்கும். ஆனால் நாற்றுப் பருவத்தில் அதன் பிடி தளர்வு, பயிர் முதிர்ந்த பிறகுதான் முழு வலு. அதையும் மீறும் வகைகள் இப்போது இருக்கின்றன.

என் ஓட்டு இரண்டாவது வழிக்கு: பல மரபணுக்களை ஒரே இரகத்தில் அடுக்குவது. ஹைதராபாத்தில் உருவாகி 2008இல் வெளியான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 மூன்றும் உள்ளன. மூன்றையும் ஒருசேர மீறுவது கிருமிக்கு மிகக் கடினம். அடுக்குவதிலும் சிக்கல் உண்டு. கிருமிக் கரைசலில் தோய்த்த கத்தரிக்கோலால் இலை நுனியை வெட்டி, இரண்டு வாரம் கழித்துக் கருகலின் நீளத்தை அளப்பது வழக்கமான சோதனை. எக்ஸ்ஏ21 இருக்கும் செடியில் கருகல் எப்படியும் குட்டையாகத்தான் இருக்கும். மற்ற இரண்டும் உள்ளே இருக்கின்றனவா என்று அளவுகோல் சொல்லாது. போதாக்குறைக்கு எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13 ஒடுங்கு மரபணுக்கள், இரட்டைப் பிரதியாக இருந்தால்தான் முழுப் பலன். ஆகவே ஒவ்வொரு பின்கலப்புத் தலைமுறையிலும் (கலப்பில் கிடைத்த செடியை மீண்டும் தாய் இரகத்தோடு கலப்பதே பின்கலப்பு) மரபணு இருப்பதைக் காட்டும் டிஎன்ஏ குறிகளை வைத்துத்தான் செடிகளைப் பொறுக்க வேண்டும். சம்பா மசூரியின் சன்ன அரிசியும் சமையல் தரமும் குலையாமல் இதை முடித்தவர்களின் பொறுமையை நான் மனதாரப் போற்றுகிறேன்.

மூன்றாவது, மரபணுத் திருத்தம். கிருமி தன் புரதத்தைச் செலுத்தி, சர்க்கரையை வெளியே கடத்தும் ஸ்வீட் மரபணுக்களை முடுக்கிவிட்டு உண்கிறது. அந்தப் புரதம் பற்றிக்கொள்ளும் இடத்தை மாற்றிவிட்டால் முடுக்க முடியாது. இயற்கையில் எக்ஸ்ஏ13 செய்வதும் இதுவே. 2019இல் ஐஆர் 64 உள்ளிட்ட இரகங்களில் மூன்று ஸ்வீட் மரபணுக்களின் முடுக்குப் பகுதிகள் திருத்தப்பட்டு, பரந்த எதிர்ப்பு கிடைத்தது. பல தலைமுறைப் பின்கலப்பு தேவைப்படாது, தாய் இரகத்தின் குணமும் அப்படியே நிற்கும். ஆனால் புதிய இடத்தைப் பற்றும் புரதத்தைக் கிருமி நாளை உருவாக்கிக்கொள்ளலாம். எனவே இதை அடுக்குக்கு மாற்றாக அல்ல, அடுக்கின் மேல் இன்னொரு தடையாகவே பார்க்கிறேன்.

அடுக்கிய இரகம் நிற்கும் பகுதியில் எக்ஸ்ஏ21 மட்டும் கொண்ட இரகத்தைப் பரப்பக் கூடாது. அந்த வயலில் எக்ஸ்ஏ21ஐ மீறப் பழகிய கிருமிக்குப் பக்கத்து வயலில் மீதி இரண்டை மட்டும் கடந்தால் போதும்.