மாதவரத்துப் பட்டறையில் பொலிரோவின் சஸ்பென்ஷன் வேலை

தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்கு நாள்தோறும் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே ஓடும் எங்கள் மஹிந்திரா பொலிரோ ஜீப், மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டு மணற்பாதையிலும் இறங்க வேண்டியிருப்பதால், மாதவரத்தில் லாரிகளுக்குப் பட்டை (பாரத்தைத் தாங்கும் வளைந்த எஃகுத் தகடு ஸ்பிரிங்) கட்டும் பட்டறை ஒன்றில், குலுக்கலைத் தாங்கும் அதன் சஸ்பென்ஷனை மாற்றியமைத்தேன்.

வண்டியை 2 அங்குலம் உயர்த்தக் கேட்டேன், மேஸ்திரி மறுத்துவிட்டார். பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்ஸில் ஒரே தண்டாக இருப்பதால், பட்டைகளைக் கூட்டினால் பாடிதான் உயருமே தவிர, அதன் நடுவில் தொங்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி கூடாது என்றும், அதற்குப் பெரிய டயர்தான் வழி என்றும் சாக்பீஸால் தரையில் வரைந்து விளக்கினார். அந்த நேர்மைக்காகவே இந்தப் பட்டறையைப் பரிந்துரைக்கிறேன். தளர்ந்த பட்டைகளுக்கு மீண்டும் வளைவு ஏற்றி, மெல்லிய பட்டை ஒன்றை மட்டும் சேர்த்து, நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினார். 500 கிலோமீட்டர் ஓடியபின் பட்டைகளை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கித் தந்ததற்குப் பணம் வாங்கவில்லை.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பின்பக்கம் உயர்ந்ததால் முகப்பு விளக்கின் ஒளி தாழ்ந்துவிட்டதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. இரவில் எண்ணூர் விரைவுச் சாலையில், நின்றிருந்த டிரெய்லர் ஒன்று மிக அருகில் வந்த பிறகே கண்ணில் பட்டபோது நான் பதறிப்போனேன். மறுநாளே சரிசெய்து தந்தார்கள்.

இப்போது நான்கு பேரும் சாமான்களும் ஏறினாலும் வண்டி பின்னால் அமர்வதில்லை. தனியாக ஓட்டும்போது மட்டும் வேகத்தடைகளில் சற்றே துள்ளுகிறது. மணலில் இறங்குமுன் டயர் காற்றைக் குறைப்பது இப்போதும் அவசியமாகவே இருக்கிறது.