கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கு: கார் போகும் தூரமும் கால் போகும் தூரமும்

ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில், வடபெண்ணையாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு ஓடும் செங்குத்துப் பாறை விளிம்பில் கண்டிக்கோட்டை நிற்கிறது. 'கண்டி' என்றால் தெலுங்கில் மலையிடுக்கு என்றே பொருள். சென்னையிலிருந்து திருப்பதி, கடப்பா வழியாகக் காரில் சென்றோம். ரயிலில் வருவோர் மும்பைத் தடத்திலுள்ள முத்தனூரில் இறங்கலாம்.

அருகிலுள்ள சிறுநகரமான ஜம்மலமடுகிலிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பேருந்தை நம்புவதைவிட ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது, திரும்பும் நேரத்தையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். நாங்கள் பார்த்த ஒரு குடும்பம் அதைச் செய்யாமல் வெயிலில் வெகுநேரம் காத்திருந்தது.

இரும்பு முட்கள் பதித்த மரக்கதவைத் தாண்டினால் உள்ளே இன்றும் மக்கள் வாழும் சிற்றூர் இருக்கிறது. ஜாமியா மசூதிக்கும் பழைய தானியக் களஞ்சியத்துக்கும் அப்பால் சீரான பாதை முடிந்து, அடுக்கி வைத்தது போன்ற செம்பாறைகள் தொடங்குகின்றன. தூரம் அதிகமில்லை என்றாலும், ஒரு பாறையிலிருந்து அடுத்ததற்குக் கையூன்றித் தாண்ட வேண்டிய இடங்கள் இருப்பதால், ரப்பர் செருப்புடன் வந்த என் மைத்துனர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நின்ற விளிம்பில் தடுப்புக் கம்பி எதுவும் இல்லை. சிறு பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல நான் துணியமாட்டேன். வழிகாட்டிப் பலகைகளும் போதவில்லை. ஆயினும் காலை வெயில் எதிர்ப்பாறையில் ஏறி, கீழே ஆறு பச்சையாகத் தெரிந்தபோது, மைத்துனரை மீண்டும் எழுப்பி அழைத்து வந்தேன்.