65,000 ரூபாய் கேமிங் பிசி: மூன்று வருடம் ஓட்டிய அனுபவம்

2023 தொடக்கத்தில், மானிட்டர் சேர்க்காமல், சுமார் 65,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் பிசி அமைத்தேன். ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் ப்ரான்ஸ் (Bronze) தர எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), முன்பக்கம் முழுக்க வலை வைத்த கேபினட். வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் விமர்சனங்கள், எந்த கேமில் எத்தனை எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) என்பதோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் சென்னை மே மாதம் வரும், கரண்ட் கட் வரும், தூசி சேரும், ஏதாவது ஒரு பாகம் பழுதாகும், கார்டு பழசாகும். அதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: பட்ஜெட் பிசியில் சில பாகங்கள் இரண்டு மூன்று வருடத்தில் மாறிவிடும், சில பாகங்கள் கடைசிவரை கூடவே இருக்கும். கூடவே இருக்கப்போகிற பாகங்களில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பட்ஜெட்டில் பெரிய பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் போகும், போகவும் வேண்டும். எனக்கு அது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், கிட்டத்தட்ட 23,500. ஆனால் கடைகளில் பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டுவது எஸ்எம்பிஎஸ்ஸையும் கேபினட்டையும்தான். "அதெல்லாம் எதுக்கு சார், ஒரு சாதா எஸ்எம்பிஎஸ் போடறேன், அந்தக் காசுல பிராசஸர் ஒரு படி மேல போகலாம்" என்பது வழக்கமாகக் கேட்கும் யோசனை. இதை ஏற்கவே கூடாது என்பேன்.

பிராசஸரில் அன்று இரண்டு நல்ல வழிகள் இருந்தன. ஏஎம்டியின் 5600, இன்டெலின் ஐ5-12400எஃப். இரண்டும் 2022-இல் வந்தவை, இரண்டுக்கும் 6 கோர், 12 த்ரெட். கேமில் வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எனக்கு முடிவு செய்துகொடுத்தது மதர்போர்டு விலைதான். அதே விலையில் பி550 போர்டில் நான்கு ராம் ஸ்லாட்டும் பிசிஐஇ 4.0-வும் (கார்டும் எஸ்எஸ்டியும் போர்டோடு பேசும் பாதையின் வேகமான தலைமுறை) கிடைத்தன. இன்டெல் பக்கம் அந்த விலைக்கு இரண்டு ஸ்லாட் எச்610 போர்டுதான் கிடைத்தது. ஏஎம்டியிலேயே பெயரில் ஒன்று போலத் தெரியும் 5500, 5600ஜி இரண்டையும் தவிர்த்தேன். அவற்றின் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, 5600-இல் 32. அவை பிசிஐஇ 3.0-வோடு நின்றுவிடும். ஆனால் 5600ஜி-யில் ஒரு வசதி உண்டு: உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் கார்டு சர்வீஸுக்குப் போனாலும் திரையில் படம் வரும். 5600-இல் அது கிடையாது. வீட்டில் ஒரே கணினி, அதில்தான் வேலையும் படிப்பும் என்றால் இதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

கார்டு வாங்க, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் அலைந்தபோது ஒரு கடைக்காரர் ஆர்எக்ஸ் 580 ஒன்றை எடுத்து வைத்தார். "தம்பி, இதுவும் எட்டு ஜிபி, அதுவும் எட்டு ஜிபி. பாதி விலைக்குத் தர்றேன், எதுக்கு இரட்டைக் காசு?" என்றார். கார்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்க ஸ்க்ரூ ஒன்றின் தலை தேய்ந்து பளபளத்தது, ஹீட் சிங்கின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. நிறைய நாள் ஓடி, ஒரு முறை கழற்றி மாட்டப்பட்ட கார்டு. 2022 செப்டம்பர் 15-இல் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், கிராபிக்ஸ் கார்டை நாள்முழுக்க ஓட்டி அதைச் சம்பாதிப்பது (மைனிங்) நின்றுபோனது. அப்போது சந்தையில் கொட்டப்பட்ட கார்டுகள் அதற்கப்புறம் வெகுநாள் தெருவில் சுற்றின. "அண்ணா, இதுக்கு கம்பெனி வாரண்டி இருக்கா?" என்று கேட்டேன். கடை வாரண்டி ஒரு மாதம் என்றார். எட்டு ஜிபி என்ற எண்ணை மட்டும் வைத்து கார்டை எடைபோட முடியாது. 580 என்பது 2017 கார்டு, 185 வாட் குடிக்கும். 6600 வந்தது 2021 அக்டோபரில், 132 வாட்டில் அதைவிட வெகுவாக வேகம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050-ஐயும் பார்த்தேன். கேம் மட்டும்தான் என்றால் அதே காசுக்கு 6600 தெளிவாக முன்னால் நிற்கிறது. பிளெண்டர் மாதிரி 3டி மென்பொருள், ஏஐ வேலை என்று இருப்பவர்களுக்கு என்விடியாதான் சரி, அதில் வாதமே இல்லை.

அந்த 132 வாட் என்ற எண் எனக்கு எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்தது என்பது போகப்போகத்தான் தெரிந்தது. கார்டும் பிராசஸரும் முழு வேகத்தில் ஓடும்போது இரண்டும் சேர்ந்து 210 வாட்டுக்குள். மற்ற பாகங்கள், மானிட்டர் எல்லாம் சேர்த்தாலும் 270-ஐ ஒட்டித்தான் வரும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் 360 வாட் தாங்கும். அதனால் கரண்ட் போனதும் கேமைச் சேமித்து அணைக்க அவகாசம் கிடைக்கிறது. இதே இடத்தில் 200 வாட் கார்டு இருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து அந்த யுபிஎஸ் விளிம்பில் நின்று கத்தும், 1000 விஏ வாங்க வேண்டிவரும். கார்டின் விலையைக் கணக்குப் போடும்போது அதன் பின்னால் வரும் யுபிஎஸ் விலையையும் சேர்த்துத்தான் போட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதன் பின்னால் இருக்கும் சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதா மோடில் இருந்தால் மாறும் நேரத்துக்குள் பிசி ரீஸ்டார்ட் ஆகிவிட வாய்ப்பு அதிகம். மின் கட்டணத்தைப் பொறுத்தவரை, தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட்டுக்குப் பக்கத்தில் வரும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை, அதைத் தாண்டினால் மொத்த பில்லுமே வேறு கணக்குக்கு ஏறிவிடும்.

எஸ்எம்பிஎஸ் பற்றிப் பேசும்போது எர்த் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய வாடகை வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், உள்ளே எர்த் வயர் இருக்காது. வெறுங்காலோடு தரையில் நின்று கேபினட்டின் உலோகத்தைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். பலர் இதை எஸ்எம்பிஎஸ் பழுது என்று நினைத்து மாற்றுகிறார்கள், புதியதிலும் அதேதான் வரும். மின் இரைச்சலை வடிகட்ட எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கசிவு எப்போதும் உலோக உடம்புக்கு வரும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் தொடுகிறவர் விரலுக்கு வரும். பிசி வாங்கும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். எந்த ஆர்ஜிபி வண்ண விளக்கு விசிறியையும்விட அவசியமான செலவு.

அப்புறம் வெயில். வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்ப அளவுகள் இருபது டிகிரி சொச்ச அறையில் எடுத்தவை. ஏசி போடாத சென்னை அறையில் மே மாத மதியம் 36 டிகிரி இருக்கும், அந்த வித்தியாசம் அப்படியே பிராசஸரிலும் கார்டிலும் ஏறும். 5600-உடன் பெட்டியிலேயே வரும் சின்னக் கூலர் குளிர்காலத்தில் போதுமானதாக இருந்தது. மேயில் கேம் ஓடும்போது 86 டிகிரியைத் தொட்டது, அந்த பிராசஸரின் உச்ச வரம்பே 90. சத்தமும் தாங்கவில்லை. சுமார் 2,000 ரூபாயில் ஒரு டவர் கூலர் போட்டதும் அதே மதியத்தில் 70-க்குக் கீழ் இறங்கிவிட்டது. கேபினட் முன்பக்கம் கண்ணாடியாக இருந்திருந்தால் இந்தக் கூலரும் சூடான காற்றையேதான் சுற்றிச் சுற்றி இழுத்திருக்கும்.

வலைக் கேபினட்டுக்கு விலை தூசி. தெருவோர ஜன்னல் என்றால் இரண்டு மாதத்தில் வடிகட்டியில் சாம்பல் நிறத்தில் ஒரு துணியே நெய்த மாதிரி படிந்திருக்கும். வடிகட்டியைக் கழற்றித் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் போதும். உள்ளே பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு ப்ளோயரால் ஊதும்போது, ஒவ்வொரு விசிறியின் இறக்கையையும் ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் தன் இயல்பு வேகத்துக்கு மேல் சுழன்று பேரிங் கெட்டுவிடும். கார்டு இரண்டரை வருடமும் சத்தமில்லாமல் ஓடியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

இரண்டாவது வருடத்தில் ஒரு ராம் போனது. நீலத்திரை வந்து வந்து போகும், சில நாள் வராது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளைப் போட்டதும் சிவப்பு வரிகள் கொட்டின. ஒவ்வொரு ஸ்டிக்காக மாட்டிப் பார்த்து எது என்று பிடித்தேன். ஜோடி பேக்காக இல்லாமல் தனித்தனியாக வாங்கியிருந்ததால் பழுதானதை மட்டும் கொடுத்தால் போதுமாக இருந்தது. அந்த ராமை வாங்கும்போது கடையில் "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்" என்றார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி கண்ணை உறுத்தத்தான் செய்யும். ஆனால் வாரண்டிக்குப் போன இடத்தில் முதலில் கேட்டது அந்த ஜிஎஸ்டி பில்லையும் அதில் எழுதிய சீரியல் நம்பரையும்தான். மாற்று ஸ்டிக் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை ஒற்றை 8 ஜிபி-யில் விளையாடியபோதுதான் டூயல் சேனலின், அதாவது இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து ஓடுவதன், அருமை புரிந்தது. சராசரி எஃப்பிஎஸ் கொஞ்சம்தான் குறைந்தது. ஆனால் நகரத்துக்குள் வண்டி ஓட்டும் இடங்களில் படம் நின்று நின்று போனது, விளையாடவே பிடிக்கவில்லை. கடைகளில் "இப்போ ஒரு 8 போட்டுக்கங்க, அப்புறம் இன்னொண்ணு" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

கடையில் அசெம்பிள் செய்து எடுப்பவர்கள் வீட்டுக்கு வந்ததும் இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள். பெரும்பாலான கேமிங் ராம், பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பைப் போட்டால்தான் 3200 வேகத்தில் ஓடும், இல்லாவிட்டால் 2400 அல்லது 2666-இல் நிற்கும். விண்டோஸ் பெரும்பாலும் மானிட்டரை 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவைக்கும், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் நாம்தான் மாற்ற வேண்டும்.

கேம்களைப் பற்றிச் சுருக்கமாக. 1080பி-யில் 6600 எனக்கு இரண்டரை வருடம் நன்றாக உழைத்தது. வேலரன்ட் 200 எஃப்பிஎஸ் தாண்டிப் போகும். எல்டன் ரிங் தன் உச்சமான 60-இல் நின்றது. சைபர்பங்க் 2077 ஹை செட்டிங்கில், ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் கணக்கிடும் முறை) இல்லாமல், 60 முதல் 70. ஆனால் புதிய கேம்களின் போக்கு மாறியது. 2024 கடைசியில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமில் ரே டிரேசிங் ஹார்டுவேர் கட்டாயம், அதன் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் 6600 வந்து நின்றது. குறைந்தபட்சப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

2025-இல் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி எடுத்தேன், சுமார் 37,000. எஸ்எம்பிஎஸ் அதேதான், அதே 8 பின் கேபிள், அதே கேபினட், அதே போர்டு. பழைய கார்டைக் கழற்றி இதைச் சொருகி டிரைவர் போட்டு வேலையை முடிக்க ஒரு மணி நேரம் ஆகவில்லை. 2023-இல் எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டாயிரம் மிச்சம் பிடித்திருந்தால் இன்று அதையும் சேர்த்து மாற்றியிருக்க வேண்டும். பழைய 6600, பில்லும் பெட்டியும் இருந்ததால் கல்லூரி மாணவர் ஒருவருக்கு நல்ல விலைக்குப் போனது. 9060 எக்ஸ்டி-யில் 8 ஜிபி வகையும் உண்டு. பெயர் ஒன்றே என்பதால் கடையில் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். இனிமேல் 8 ஜிபி-க்குக் காசு போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்று புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குச் சூழ்நிலை வேறு. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே உற்பத்தி போகிறது, மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஏஎம்டியின் புதிய தலைமுறையான ஏஎம்5 போர்டுகளுக்கு டிடிஆர்5 ராம் கட்டாயம், அதனால் அந்தப் பக்கம் நுழைவுச் செலவே மிரட்டுகிறது. பழைய கணினியில் 3200 வேக டிடிஆர்4 ராம் இரண்டு ஸ்டிக் இருந்தால் அதை விற்றுவிடாமல், ஒரு பி550 போர்டும் 5600-உம் வாங்கி அதில் போடுங்கள். மிச்சமாகும் காசில் நல்ல எஸ்எம்பிஎஸ், அதற்கப்புறம் 16 ஜிபி கார்டு. ராம் விலை இறங்கும்வரை நானும் என் பி550 போர்டு சேர்ந்த பழைய ஏஎம்4 தலைமுறையை விட்டு நகரப் போவதில்லை.