நங்கநல்லூர் பிளாட்டும் கூடத்து டைல்ஸும்: 11 வருஷ அனுபவம்

"வீட்டை விக்கலாம்னு இருக்கோம்டி. மொசைக்கை மறைச்சு மேலயே டைல்ஸ் போட்டுட்டா விலை கூடக் கிடைக்குமா?" என்று போன வாரம் தோழி ஒருத்தி போனில் கேட்டாள். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவள் மேல் இல்லை, எங்கள் பழைய வீட்டுக் கூடத்துத் தரை மேல். அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

எங்களுடையது 1991இல் கட்டிய பிளாட். இரண்டாவது மாடி, 850 சதுர அடி, வீடு முழுக்க மொசைக். 2013இல் கூடம், சமையலறை, நடை, சின்ன அறை என்று 620 சதுர அடிக்கு ஐவரி நிற விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டோம், இரண்டுக்கு இரண்டு சைஸ். பெரிய படுக்கையறையைத் தொடவில்லை. மாமியார் அங்கே படுக்கையில் இருந்தார், அவரைத் தூசியில் இடம் மாற்ற மனசு வரவில்லை. அதனால் ஒரே வீட்டில் இரண்டு தரைகளோடும் 11 வருஷம் புழங்கியிருக்கிறேன்.

டைல்ஸில் உள்ள நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விட்ரிஃபைட் கல் தண்ணீரைக் குடிக்காது. அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாத கல்லைத்தான் அந்தப் பெயரில் விற்பார்கள். மஞ்சள், சாம்பார், பையனின் இங்க் எல்லாம் ஈரத்துணியில் போய்விடும். மொசைக் அப்படி இல்லை. அதில் இருப்பது சிமெண்டும் மார்பிள் சில்லுகளும். புளி, எலுமிச்சை எது பட்டாலும் அரித்துவிடும். படுக்கையறையில் ஊறுகாய் ஜாடி உடைந்த இடம் மங்கிப்போய், பாலிஷ் போடும் வரைக்கும் அப்படியே இருந்தது. கூடமும் டைல்ஸ் போட்ட பிறகு நல்ல வெளிச்சமாக, பெரியதாகத் தெரிந்தது.

ஆனால் இரண்டாம் வருஷமே சத்தம் ஆரம்பித்துவிட்டது. சோபாவை ஒட்டிய கல்லில் கால் வைத்தால் 'டொக்'. பக்கத்துக் கல்லில் அது இல்லை. ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகும்போது விளக்குப் போடாமலே எந்தக் கல்லில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். ஒன்று நாலாச்சு, நாலு பத்தாச்சு. போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினால், "எல்லா வீட்லயும் இருக்கும்மா, ஒண்ணும் ஆகாது" என்று போய்விட்டார்.

2021 மே மாதம், மதியம் இரண்டு மணி. கூடத்தில் கரகரவென்று ஒரு சத்தம், அடுத்து டமாரென்று வெடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் மூன்று கல் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூடாரம் மாதிரி எழும்பி நிற்கிறது. வேறொரு கொத்தனாரைக் கூட்டிவந்தோம். அவர் உளியை லேசாகக் கொடுத்ததுமே, கலவை கல்லோடு சேர்ந்து தோசை மாதிரிப் பெயர்ந்து வந்தது. அடியில் எங்கள் பழைய மொசைக் பளபளவென்று கிடந்தது. ஒரு கொத்து இல்லை, ஒரு கீறல் இல்லை. "பழைய தரையக் கொத்தாமலே போட்டிருக்காங்கம்மா. அப்புறம் எப்படிப் பிடிக்கும்?" என்றார்.

விஷயம் இதுதான். பாலிஷ் போட்ட மொசைக்கில் கலவை பிடிக்காது, தண்ணீர் குடிக்காத விட்ரிஃபைட் கல்லிலும் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) சரியாகப் பிடிக்காது. கீழே தரையைக் கொத்திவிட வேண்டும், மேலே டைல்ஸ் ஒட்டும் பசையைக் கல் முழுக்கத் தடவ வேண்டும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டில் மூன்றுமே செய்யவில்லை. "ஜாயின்ட்டே தெரியாது பாருங்க" என்று நெருக்கி நெருக்கிப் போட்டார்கள், நாங்களும் அதை அழகு என்று நினைத்தோம். வெயிலில் கல் விரியும்போது பக்கத்தில் போக இடமில்லாமல் மேலே எழும்பிவிட்டது.

மாற்றிப் போட அதே கல் கிடைக்கவில்லை. அந்த மாடலே நின்றுபோயிருந்தது. நிற்காத மாடலாக இருந்தாலும் வேறு லாட் என்றால் நிறம் ஒரு சாயல் மாறித்தான் வரும். கடைசியில் சற்று மஞ்சளடித்த மூன்று கல்லைப் பதித்து, மேலே சோபாவை நகர்த்திப் போட்டோம்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஒரு அங்குலக் கலவை, 10 மில்லிமீட்டர் கல், இரண்டும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோ. 620 சதுர அடிக்கு 4 டன்னைத் தாண்டுகிறது. 1991ஆம் வருஷத்து ஸ்லாப் மேல் அதை ஏற்றினோம். தரை உயர்ந்ததால் கதவுகளின் அடியையெல்லாம் ஆசாரி அறுத்தார். தேக்குக் கதவு!

2024இல் விற்பனைக்கு வைத்தோம். வங்கிக்காகப் பார்க்க வந்த மதிப்பீட்டாளர் யு.டி.எஸ்., அதாவது மொத்த நிலத்தில் எங்கள் பிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு, கட்டடத்துக்கு என்ன வயசு, எத்தனை சதுர அடி என்று கேட்டார். நில மதிப்பும் வயசுக்குத் தேய்மானம் கழித்த கட்டட மதிப்பும்தான் அந்தக் கணக்கு. தரைக்கு ஒரு வரி எழுதிக்கொண்டதோடு சரி. ஆனால் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது தரைதான். ஏழு குடும்பம் வந்தது. நாலு குடும்பத்துக்கு மொசைக் பிடிக்கவில்லை, "பழசா இருக்கே" என்றார்கள், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எல்லாரும் கூடத்தைத்தான் பாராட்டினார்கள்.

வாங்கியவர்களோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் குனிந்து, கூடத்தில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். டிக், டிக், டொக், டொக். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏம்மா, கீழ வெறும் காத்துதானே இருக்கு?" என்றார். எனக்கு முகம் சுட்டது. அந்தக் காற்றுக்கு 2 லட்சம் குறைத்தோம். 2013இல் மொத்தச் செலவே 62,000 ரூபாய்தான். அதே பெரியவர் படுக்கையறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். 2019இல் 8,000 ரூபாய்க்குப் பாலிஷ் போட்ட தரை. மகளைக் கூப்பிட்டு, "இத மட்டும் உடைச்சிடாதீங்க" என்றார்.

டைல்ஸ் நல்ல பொருள்தான், முறையாகப் போட்டால் உழைக்கும். இவ்வளவும் தெரிந்தும், இனி என் வீட்டில் பழைய தரை மேல் டைல்ஸ் போட ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

உனக்கு என் பதில்: விற்கப்போகிற வீட்டில் தரையை மாற்றாதே. போட்ட காசு விலையில் திரும்பி வராது, பொல்லாத வேலையாக அமைந்துவிட்டால் விலைதான் குறையும். மொசைக்கில் விரிசலை அதே நிறச் சிமெண்டால் அடைத்துவிட்டு மிஷின் பாலிஷ் போடு, மூன்று நாள் வேலை. மிஷினால் தரையைத் தேய்க்கும்போது வரும் சாம்பல் நிறச் சேற்றுத் தண்ணீரைப் பாத்ரூம் குழாயில் தள்ளப் பார்ப்பார்கள், விடாதே. உள்ளே போய் இறுகிவிடும். பக்கெட்டில் அள்ளிக் கீழே கொண்டுபோகச் சொல்.