அம்மாவோட கால் எரிச்சலும் ஒரு யுனிவர்சிட்டி ட்ரையலும்: 6 மாச அனுபவம், 5க்கு மூன்றரை

சுகர் ஓபில டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கும்போது செவுத்துல இருந்த நோட்டீஸ அம்மா தான் முதல்ல பாத்தாங்க. கால் எரிச்சல் உள்ள சர்க்கரை நோயாளிகள் தேவை, வயது 40 முதல் 65 வரைன்னு போட்டு கீழ ஒரு போன் நம்பர். தேவைன்னு இருந்ததால ஏதோ வேலைக்கு ஆள் எடுக்கறாங்க போலன்னு நெனச்சுட்டு "எனக்கு 58 தானேடா"ன்னாங்க. அது மருந்து ட்ரையலும்மான்னு சொன்னதும் மூஞ்சி மாறிடுச்சு, "என்ன எலின்னு நெனச்சியா?"

இது சென்னையில ஒரு யுனிவர்சிட்டி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, பேர் வேணாம், குறையும் சொல்லப்போறேன்ல. ஓட்டலுக்கும் மிக்சிக்கும் ரிவ்யூ போடுறோம், 6 மாசம் உடம்பையே குடுக்கற விஷயத்துக்கு யாரும் போடல, அதான் எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, எல்லா ட்ரையலும் ஒரே மாதிரி இல்ல. கம்பெனி புதுசா கண்டுபிடிச்ச மருந்த முதல்முதலா மனுஷனுக்குக் குடுத்துப் பாக்கறது வேற. காலேஜ் டாக்டருங்களே நடத்துறது பெரும்பாலும் ஏற்கனவே மெடிக்கல்ல விக்கிற மருந்து தான், வேற நோய்க்கோ வேற டோஸ்லயோ வேலை செய்யுதான்னு பாப்பாங்க. 2019ல வந்த மருந்து ட்ரையல் விதிகள்ல இதுக்கு அகாடமிக் ட்ரையல்னே தனியா பேர் இருக்கு, அந்த ரிசல்ட்ட வெச்சு மருந்த மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக பர்மிஷன் கேக்க முடியாது. அப்புறம் எதுக்கு பண்றாங்கன்னா, விலை கம்மியான பழைய மாத்திரைக்கு எந்தக் கம்பெனி காசு போட்டு டெஸ்ட் பண்ணும் சொல்லுங்க? கொரோனா டைம்ல ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி ரெகவரின்னு ஒரு ட்ரையல் நடத்துனாங்களே, அதுல டெக்சாமெத்தசோன், தெரு முக்கு மெடிக்கல்ல கிடைக்கிற ஸ்டீராய்டு, தினம் 6 மில்லிகிராம், வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுதுன்னு 2020 ஜூன்ல சொன்னாங்க. அதே ட்ரையல் தான் ஹைட்ராக்சிகுளோரோகுயின்ங்கற மலேரியா மாத்திரையால கொரோனாவுக்குப் பிரயோஜனம் இல்லன்னும் சொல்லுச்சு, அதுவும் அதே அளவு முக்கியம்.

அம்மாவோடதும் இந்த ரகம் தான். வழக்கமா போடுற சுகர் மாத்திரையில கை வைக்க மாட்டாங்க, கூட ஒண்ணு குடுப்பாங்க. அது அசல் மாத்திரையா இருக்கலாம், அச்சு அசலா அதே மாதிரி இருக்கற டம்மியாவும் இருக்கலாம்.

நோட்டீஸ்ல சிடிஆர்ஐன்னு ஆரம்பிக்கிற நம்பர் ஒண்ணு இருந்துச்சு. 2007ல இருந்து இந்தியாவுல நடக்கிற ட்ரையல்கள பதிவு பண்ற அரசாங்க ரெஜிஸ்ட்ரி அது, வெப்சைட்ல யார் வேணா தேடிப் பாக்கலாம். எத்தனை பேர சேக்கறாங்க, காசு யாரு போடுறாங்க, எந்த எதிக்ஸ் கமிட்டி, அதாவது ட்ரையல்ல சேர்றவங்க பாதுகாப்பப் பாக்கற குழு, ஓகே சொன்னுச்சு எல்லாம் இருக்கும். இங்கிலீஷ்ல தான் இருக்கு, வீட்டுப் பசங்கள விட்டு படிக்கச் சொல்லுங்க. நம்பரே இல்லாம ஒரு இடம் கூப்பிட்டா போகாதீங்க, ட்ரையல் மருந்துக்கு நம்மகிட்டயே காசு கேட்டா திரும்பிப் பாக்காம வந்துடுங்க.

கன்சென்ட் ஃபார்ம் 11 பக்கம். தமிழ்ல தான் இருந்துச்சு, ஆனா அது என்ன தமிழோ தெரியல. அந்த டம்மிக்கு "மருந்துப்போலி"ன்னு பேர் போட்டிருந்தத படிச்சதும் அம்மாவுக்கு போலி மருந்து ஞாபகம் வந்து "பாத்தியா, டூப்ளிகேட் மாத்திரைன்னு அவங்களே எழுதிட்டாங்க"ன்னு ஃபார்ம மூடி வெச்சுட்டாங்க. அடுத்தது நாமினி பேர், உறவு முறைன்னு ஒரு கட்டம். "இது எதுக்குடா, எல்ஐசியா?" ட்ரையலால உயிர் போனா நஷ்ட ஈடு யாருக்குன்னு கேக்கற கட்டம்மா அதுன்னு நான் எப்படி சொல்றது.

சொன்னது அங்க இருந்த கோஆர்டினேட்டர் பொண்ணு. சும்மா மழுப்பல. "ஆமாம்மா, அதுக்கு தான். ட்ரையலால ஏதாவது ஆச்சுன்னா வைத்தியம் ஃப்ரீயா பாக்கணும், நஷ்ட ஈடும் குடுக்கணும்னு சட்டம் இருக்கு, அதான் முன்னாடியே எழுதி வாங்கறோம். இந்த மாத்திரைக்கு வாய் வறண்டு போறது, தூக்கம் வர்றது இதெல்லாம் வரும், அது 4ஆவது பக்கத்துல இருக்கு." அப்புறம் யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் தான் முடிவு பண்ணும், டாக்டர் இல்லன்னு சொல்லுச்சு. அது ஏன் அப்படின்னு அம்மா கேட்டதுக்கு அந்தப் பொண்ணு சொன்ன பதில் இன்னும் மறக்கல. "பந்தியில பரிமாறுறவர் நம்மாளா இருந்தா கடைசி இலைக்கும் வடை வந்துடும்ல? அதான் பரிமாறுறது யாருன்னே இல்லாம பண்ணிட்டோம்." 11 பக்கம் புரிய வைக்காதத அந்த ஒரு வடை புரிய வெச்சுடுச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் யோசிச்சுட்டு வாங்க, எப்ப வேணா வெளிய போகலாம், போனாலும் ஓபில உங்கள பாக்கறது மாறாதுன்னு சொன்னாங்க, ஃபார்ம் காப்பியும் குடுத்தாங்க. எதிக்ஸ் கமிட்டி நம்பர் அதுலயே இருக்கு. அந்தக் கமிட்டில குறைஞ்சது 7 பேர், பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரிய சேராதவங்களா இருக்கணும், சட்டம் தெரிஞ்ச ஆளும் டாக்டர் இல்லாத சாதாரண ஆளும் இருக்கணும்.

ரெண்டு நாள் கழிச்சு அம்மா கையெழுத்துப் போட்டாங்க. நாமினி நான்.

இதுக்கு நடுவுல அவங்க மனசு மாறுனதுக்கு தாம்பரம் சானடோரியமும் ஒரு காரணம். ஸ்டேஷன் பேரா தானே அது நமக்குத் தெரியும். அந்தக் காலத்துல டிபி வந்தா சானடோரியத்துல மாசக்கணக்கா படுக்கணும், நல்ல சாப்பாடு, காத்து, ரெஸ்ட். 1956ல மெட்ராஸ்ல டிபி நோயாளிங்கள கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி ரெண்டா பிரிச்சாங்க, 200 பேர் கூட இல்ல, பாதிப் பேருக்கு சானடோரியம், பாதிப் பேருக்கு வீட்டுலயே மாத்திரை. ஏழைங்க, நெருக்கடியான வீடு, சத்தான சாப்பாடு கிடையாது, இருந்தும் ஒரு வருஷத்துல வீட்டுல இருந்தவங்களும் ஏறக்குறைய அதே அளவு தேறிட்டாங்க, கூட இருந்தவங்களுக்கும் அதனால அதிகமா ஒட்டல. உலகமே டிபிக்கு வீட்டுல வெச்சு மருந்து குடுக்க ஆரம்பிச்சதுக்கு அது ஒரு பெரிய காரணம். இத நான் சொன்னதும் அம்மா "நம்ம ஊர் ஆளுங்களா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க.

இப்ப ட்ரையல் எப்படிப் போச்சுன்னா, மொத்தம் 7 விசிட். வெறும் வயித்துல ரத்தம், பாதத்துல நைலான் நரம்பு மாதிரி ஒண்ண வெச்சு அழுத்தி உணர்ச்சி இருக்கான்னு பாக்கறது, எரிச்சல் எவ்வளவுன்னு 10க்கு மார்க். காலையில 8க்கு வரச் சொல்லிட்டு ரத்தம் எடுக்க 10 ஆக்கிடுவாங்க, சுகர்காரங்கள அப்படி உக்கார வைக்கலாமா, இதுக்கு அரை ஸ்டார் கட். பஸ் காசு குடுக்கறோம்னு எழுதிக் குடுத்தாங்க, மூணு விசிட்டுக்கு சேத்து தான் வந்துச்சு, அதுவும் ரெண்டு தடவ போன் பண்ணப்புறம்.

எனக்கு எது குடுக்கறீங்கன்னு அம்மா டாக்டர்கிட்ட கேட்டதுக்கு அவர் சிரிச்சுட்டு "எனக்கே தெரியாதும்மா"ன்னாரு. வெளிய வந்து "என்னடா டாக்டர் இவரு"ன்னாங்க. தெரிஞ்சா அவர் கண்ணே ஏமாத்தும், அதான் மறைச்சு வைக்கறாங்க, அவசரம்னா மட்டும் அந்த ரகசியத்த பிரிச்சுப் பாப்பாங்க.

மூணாவது விசிட்ல ஒரு கூத்து. ஒவ்வொரு தடவையும் மிச்ச மாத்திரைய டப்பாவோட கொண்டுபோகணும், தட்டுல கொட்டி எண்ணுவாங்க. அம்மா ஒரு சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு திருமங்கலம் போனப்ப 6 நாள் போடல, கணக்கு இடிக்குமேன்னு அந்த 6ஐயும் குப்பையில போட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு எண்ணி முடிச்சு "கரெக்டா இருக்கும்மா"ன்னு எழுதப் போகும்போது தாங்காம இவங்களே ஒத்துக்கிட்டாங்க. பொண்ணு திட்டல. "விட்டுட்டேன்னே சொல்லுங்கம்மா, அதுக்காக உங்கள கணக்குல இருந்து எடுக்க மாட்டோம், நாளைக்கு ஊர்ல எல்லாரும் இப்படி தானே விட்டு விட்டுப் போடுவாங்க, அதுவும் எங்களுக்குத் தெரியணும்."ன்னுச்சு. கேட்டுட்டு நானே கொஞ்சம் வாயடைச்சுப் போயிட்டேன்.

கால் எரிச்சல் குறைஞ்சுதான்னு கேப்பீங்க. கொஞ்சம் குறைஞ்சுதுன்னு அம்மா சொல்றாங்க. அது மாத்திரையாலயா, டம்மிய நம்புனதாலயா, மாசம் தவறாம ஒருத்தர் காலத் தொட்டுப் பாத்து அக்கறையா விசாரிச்சதாலயான்னு ஒரு ஆள வெச்சு சொல்ல முடியாது.

பெரிய குறை இது தான், முழுசா ஒரு ஸ்டார் இதுக்கு. கடைசி விசிட் முடிஞ்சு ஒரு வருஷமாச்சு. ரிசல்ட் என்ன, அம்மா போட்டது அசலா டம்மியா, ஒரு போன் இல்ல, லெட்டர் இல்ல. நானா கூப்பிட்டேன், அந்தப் பொண்ணு வேற வேலைக்குப் போயிடுச்சாம், எடுத்தவருக்கு விவரம் தெரியல. ஆறு மாசம் வெறும் வயித்துல வந்து உக்காந்தவங்களுக்கு ஒரு வரி அனுப்பறதுல என்ன கொறஞ்சு போச்சு?

அம்மா அவ்வளவா கோவப்படல. போன வாரம் ஓபில முட்டி வலி ட்ரையல்னு புது நோட்டீஸ் பாத்தாங்களாம், நம்பர போட்டோ எடுத்துட்டு வந்து என்கிட்ட குடுத்து சிடிஆர்ஐல பாக்கச் சொல்லியிருக்காங்க. நாமினி இந்தத் தடவ தம்பியாம்.