சின்ன லேப்டாப்புக்கு 8 ஜிபி ராம்: ஏற்காட்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

சின்ன லேப்டாப்புக்கு ராம் கூட்ட நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கடைக்குப் போவதற்கு முன் பின்மூடியைக் கழற்றுங்கள், உள்ளே இருக்கும் பழைய ராமின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஜிபி, எந்த கம்பெனி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். 2022 தீபாவளிக்கு முன்னால் என் லேப்டாப்பில் 4 ஜிபியை எடுத்துவிட்டு 8 ஜிபி போட்டேன். இன்றும் அதே லேப்டாப், அதே ராம். இவ்வளவு காலம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன்.

மெஷின் 11.6 இன்ச். 2016-இல் வந்த இன்டெல் செலரான் என்3060, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஒரே ஒரு ராம் ஸ்லாட். நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் சிலருக்கும், ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் இரண்டு குடும்பங்களுக்கும் நான்தான் கணக்கு எழுதுகிறேன். ஆள் கூலி, மிளகு விற்ற சிட்டை, ரூம் பில், ஜிஎஸ்டி என்று எல்லாம் இதில்தான். சேலத்திலிருந்து பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது மடியில் வைத்துக்கொள்ள இந்த அளவுதான் சரி. அதனால் பெரிய லேப்டாப்புக்கு மாறும் எண்ணமே எனக்கு வரவில்லை.

4 ஜிபியில் என்ன கஷ்டம் என்றால், ஒரு பெரிய எக்செல் ஷீட், ஜிஎஸ்டி போர்ட்டல், வாட்ஸ்அப் வெப், பேங்க் பக்கம் நான்கும் திறந்தால் போதும், அப்படியே நின்றுவிடும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி (அதாவது ராம்) 90 சதவீதத்துக்கு மேலே, டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ராமில் இடம் இல்லாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் மெஷினிலும் இப்படி இரண்டும் சேர்ந்து ஏறினால் ராம்தான் மருந்து. மெமரி பாதியிலேயே நின்று டிஸ்க் மட்டும் ஏறினால் அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிரைவ்) போடுங்கள்.

அதே டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டும் ராம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் இப்படித்தான். அதில் ஸ்லாட் எண்ணிக்கை காட்டினாலும் நம்பி ராம் வாங்கக் கூடாது, பலவற்றில் மாட்ட இடமே இருக்காது.

இனி ராம் வகை. டிடிஆர்3, 4, 5 என்பவை ராமின் தலைமுறைகள். லேப்டாப் ராமில் டிடிஆர்3-க்கு 204 பின் (ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்கப் பட்டைகள்), டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். அதனால் டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது, இதில் ஏமாற வழி இல்லை. ஏமாறும் இடம் வேறு. டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட். இந்த இரண்டுக்கும் பின் எண்ணிக்கை ஒன்று, வெட்டும் ஒரே இடத்தில். 1.5 வோல்ட் ராம் என் லேப்டாப்பில் அழகாக உட்காரும், கிளிப்பும் 'டக்' என்று விழும். ஆனால் என்3060-க்கு இன்டெல் சொல்லியிருப்பது டிடிஆர்3எல்-1600, அதிகபட்சம் 8 ஜிபி. மறுபக்கம் பிரச்சினை இல்லை: டிடிஆர்3எல் ராமை பழைய 1.5 வோல்ட் லேப்டாப்பில் போட்டால் பொதுவாக ஓடிவிடும்.

சேலத்தில் முதலில் கேட்ட கடையில் இந்த 1.5 வோல்ட் குழப்பம்தான் நடந்தது. கடைப் பையன் எடுத்து வைத்த ராமின் ஸ்டிக்கரில் 'பிசி3' என்றுதான் இருந்தது, பின்னால் 'எல்' இல்லை, அதாவது 1.5 வோல்ட் ராம். நான் போட்டோவைக் காட்டினேன்.

"எல்லாம் ஒண்ணுதாங்க அக்கா. இந்த எல்லுக்கெல்லாம் வித்தியாசம் கிடையாது."

"அப்போ இங்கேயே மாட்டிக் காட்டுங்க தம்பி, ஓடினால் எடுத்துக்கறேன்."

மாட்டினான். பவர் லைட் எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. இரண்டு முறை கழற்றி மாட்டியும் அதே கதை. பழைய 4 ஜிபியைத் திரும்பப் போட்டதும் உடனே எழுந்துவிட்டது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒரு காலத்து லேப்டாப்களில் அவன் சொன்னது செல்லுபடியாகியிருக்கும். ஆனால் வாடிக்கையாளர் கேட்காவிட்டால் அதை மாட்டாமலேயே கவரில் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அவர் மலை ஏறி வீட்டுக்குப் போய் லேப்டாப்பே கெட்டுப்போனது என்று நினைத்திருப்பார். இது வருத்தமாக இருக்கிறது. மாட்டிக் காட்டாத கடையில் ராம் வாங்காதீர்கள்.

ஸ்டிக்கரைப் படிப்பது கஷ்டமே இல்லை. என்னுடையதில் '4 ஜிபி, 1ஆர்எக்ஸ்8, பிசி3எல்-12800எஸ்' என்று இருந்தது. பிசி3எல் என்றால் 1.35 வோல்ட். 12800 என்பது நொடிக்கு இத்தனை மெகாபைட் என்ற கணக்கு, அதை எட்டால் வகுத்தால் 1600, அதுதான் வேகம். கடைசி எஸ் லேப்டாப் அளவைக் குறிக்கிறது. டிடிஆர்4-இல் பிசி4-19200 என்றால் 2400, பிசி4-25600 என்றால் 3200. வேகம் கொஞ்சம் கூடுதலான ராம் போட்டால் லேப்டாப் தன் வேகத்துக்கு இறக்கி ஓட்டிக்கொள்ளும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

1ஆர், 2ஆர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 8 ஜிபி ராமை 16 சிப்பாலும் செய்யலாம், அடர்த்தி கூடிய 8 சிப்பாலும் செய்யலாம். முன்னது 2ஆர்எக்ஸ்8, பின்னது 1ஆர்எக்ஸ்8. மூன்றாம், நான்காம் தலைமுறை இன்டெல் கோர் பிராசசர் போட்ட லேப்டாப்களுக்கு அந்த அடர்த்தி கூடிய டிடிஆர்3 சிப் புரியாது. வோல்ட், வேகம் எல்லாம் சரியாக இருந்தும் திரை வராமல் போவதற்கு இது ஒரு காரணம். இரண்டு பக்கமும் எட்டு எட்டு சிப் இருக்கும் 2ஆர்எக்ஸ்8 ராமைத்தான் நானும் தேடி எடுத்தேன். பழைய மெஷின்களில் வம்பு குறைவு அதில்தான்.

அதிகபட்ச அளவையும் பிராசசர் பெயரைப் போட்டு இன்டெல் தளத்தில் பார்த்துவிடுங்கள். இன்டெல் ஆட்டம் என்270 பிராசசர் போட்ட பழைய நெட்புக்குகளில் (சின்ன லேப்டாப்கள்) 2 ஜிபிக்கு மேல் ஏறாது. 32 பிட் விண்டோஸ் வைத்திருந்தால் 8 ஜிபி போட்டும் 4-க்குள்தான் பயன்படும், முதலில் 64 பிட் போட வேண்டும்.

இரண்டாவது கடையில் கிடைத்தது வேறு லேப்டாப்பிலிருந்து எடுத்த ஹைனிக்ஸ் கம்பெனி ராம். விலை இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. பழைய சரக்கு என்று தயங்க வேண்டாம், ஆனால் சோதிக்காமல் நம்பவும் வேண்டாம். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில் ஒரு பிழைகூட இல்லை. ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கணக்கு எழுதும் மெஷினில் ஒரு எண் மாறினாலே போதும், எங்கே மாறியது என்று தேடி மாளாது.

மாட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிட்டு, ராமைச் சாய்வாக நுழைத்து, கீழே அழுத்த வேண்டும். தங்கப் பட்டைகளை விரலால் தொடக் கூடாது.

பலன்? முதல் நாளிலிருந்தே அந்த நான்கு வேலையும் ஒன்றாகத் திறந்து வைக்க முடிந்தது. டிஸ்க் அடங்கிவிட்டது. மார்ச் மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் சிட்டையைக் கொண்டுவந்து கொட்டும்போதுகூட மெஷின் நின்றதில்லை. ஆனால் ஆன் ஆகும் நேரம் குறையவே இல்லை. அது பிறகு 2.5 இன்ச் எஸ்எஸ்டி போட்டபோதுதான் குறைந்தது. ஸ்லாட் ஒன்றே ஒன்று என்பதால் டூயல் சேனலும் (இரண்டு ராம் சேர்ந்து வேகம் கூட்டும் முறை) கிடையாது, வீடியோ, கிராபிக்ஸ் எல்லாம் பழையபடிதான். பிராசசர் இரண்டு கோர் மட்டும், பெரிய பிடிஎஃப் திறந்தால் இன்றும் காத்திருக்க வேண்டும்.

மலையில் ஒரு தொந்தரவு வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து நிற்கும், துணி காயாது. அப்படி ஒரு வாரம் கழித்து ஒரு நாள் திரை வரவில்லை. ராமைக் கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் பட்டையைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டியதும் சரியாகிவிட்டது. பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம், எனக்கு அது பிடிக்காது. தங்க முலாம் தேயும், ரப்பர்த் தூளும் ஸ்லாட்டில் போய் அடையும். இப்போது மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் வைக்கிறேன், திரும்ப வரவில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசசர் பட்டியலில் என்3060 இல்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்புக்கு மாறிவிட்டேன். அதற்கு 4 ஜிபி இருந்தால் வசதி என்கிறார்கள், 8 ஜிபியில் தாராளமாக ஓடுகிறது. எக்செல் ஷீட்டுகளை லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்கிறேன், ஒன்றிரண்டு ஃபார்முலாவைத் திருத்த வேண்டியிருந்தது. எடுத்து வைத்த 4 ஜிபி ராம், இரண்டு ஸ்லாட் இருக்கும் டிடிஆர்3எல் லேப்டாப் வைத்திருக்கும் ஒரு ஹோம்ஸ்டேக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. அவருடைய 4 ஜிபியோடு சேர்ந்து அங்கே ரூம் பில் போட்டுக்கொண்டிருக்கிறது.