காகிதக் கவசத்துக்கு எந்த ரெசின்? பாலியெஸ்டரா, எபாக்ஸியா?

கதாபாத்திர வேடத்துக்கான கவசத்தின் முப்பரிமாண மாதிரியைப் பெப்பாகுரா என்ற மென்பொருளில் தட்டையான காகித வெட்டுகளாகப் பிரித்தெடுத்து, 200 ஜிஎஸ்எம் அட்டையில் அச்சிட்டு, வெட்டி மடித்து ஒட்டிய தலைக்கவசம் பார்க்கக் கனகச்சிதமாக இருக்கும். ஆனால் கட்டைவிரலால் லேசாக அழுத்தினாலே குழி விழுந்துவிடும். அதைக் கூட்டத்துக்கு நடுவே நாள் முழுக்க அணிந்து நடக்க வேண்டுமானால் ரெசினும் (பூசினால் இறுகிக் கெட்டியாகும் திரவம்) கண்ணாடி இழையும் தேவை. எந்த ரெசின் என்று வரும்போதுதான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

எது அதிக பலம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அணிந்து நடக்கிற கவசத்துக்கு இரண்டுமே போதுமான பலம் தரும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காகிதம் ரெசினில் ஊறிக் கிடக்கும் நேரத்தில் வடிவம் நிற்குமா, வேலை செய்யும் இடத்தில் காற்றோட்டம் உண்டா என்று பார்த்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

பாலியெஸ்டர் விலை குறைவு, வேகம் அதிகம். எம்இகேபி எனப்படும் ஹார்ட்னரை, அதாவது இறுக வைக்கும் திரவத்தை, எடையில் 1 முதல் 2 சதவீதம் கலந்தால் பத்து இருபது நிமிடத்தில் கூழாக இறுக ஆரம்பிக்கும். அதனால் சின்னக் கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. நிறையக் கலந்து வைத்தால் கோப்பையிலேயே சூடேறிப் புகையும். சில இடங்களில் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரைத் தனி பாட்டிலில் தருவார்கள். அதையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும் அபாயம் உண்டு. முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னர்.

பாலியெஸ்டரின் பெரிய குறை, அதிலிருந்து எழும் ஸ்டைரீன் என்ற ரசாயனத்தின் ஆவி. மூக்கைத் துளைக்கும், தலை சுற்ற வைக்கும். தூசிக்குப் போடும் முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் ஆவிகளுக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும், வேலையும் வெளியில்தான் நடக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்த படுக்கையறை இதற்குப் போதாது. தெர்மகோலையும் ஸ்டைரீன் கரைத்துவிடும் என்பதால் உள்ளே முட்டுக் கொடுக்க அதை வைக்காதீர்கள்.

எபாக்ஸியில் அந்த நெடி இல்லை. ஆனால் விகிதத்தில் விட்டுக்கொடுக்காது. 2:1 என்றால் 2:1தான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் மிச்சமான ஹார்ட்னர் உள்ளேயே தங்கி, ரப்பர் மாதிரி ஒரு பொருள்தான் கிடைக்கும். டப்பாவில் போட்டிருப்பது எடைக் கணக்கா, கன அளவா என்பதையும் பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்காது. நெடி குறைவு என்பதால் வெறுங்கையோடு தொடுபவர்கள் உண்டு. எபாக்ஸி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்தால் பெரும்பாலும் போகாது. நைட்ரைல் கையுறை போட்டே ஆக வேண்டும். கையில் பட்டால் தின்னரால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இப்போது வடிவம். காகிதம் ரெசினைக் குடித்ததும் நொய்ந்து தொங்கும். தலைக்கவசத்தின் கழுத்து வாய் மெல்ல விரியும், கன்னப் பகுதி உள்வாங்கும், நேர்கோடாக இருந்த விளிம்பு வளையும். பாலியெஸ்டரில் இந்த ஆபத்தான நேரம் குறைவு. எபாக்ஸி பல மணி நேரம் ஈரமாகவே இருக்கும், வழிந்து தாடையில் சொட்டாகத் திரளவும் செய்யும். ஆக முதல் பூச்சில் பாலியெஸ்டருக்குத்தான் என் ஓட்டு. ஆனால் இறுகும்போது பாலியெஸ்டர் சுருங்கும், எபாக்ஸி மிகக் குறைவாகவே சுருங்கும். மார்புக்கவசம் போன்ற அகன்ற தட்டையான பாகத்தில் உள்பக்கம் மட்டும் கனமாகப் பாலியெஸ்டரும் ‘மேட்’ எனப்படும் கண்ணாடி இழை விரிப்பும் போட்டால் ஓரங்கள் உள்நோக்கி இழுத்துக்கொள்ளும். எந்த ரெசினாக இருந்தாலும் கழுத்து வாயிலும் அகன்ற திறப்புகளிலும் குறுக்கே அட்டைப் பட்டைகளை ஒட்டிவிட்டு, வெளிப்புறம் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, அது முழுதாக இறுகிய பிறகே உள்ளே இழை வையுங்கள்.

இழையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. துண்டு இழைகளைச் சேர்த்த மேட்டைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும். பாலியெஸ்டரில் அது சட்டென்று தளர்ந்து மூக்கு மடிப்பு வரை படிந்துவிடும். எபாக்ஸியில் அதே மேட் விறைத்துக்கொண்டு நிற்கும், மூலைகளில் காற்றுக்குமிழ் தங்கும். எபாக்ஸி என்றால் நெய்த கண்ணாடித் துணிதான் சரி. மேட் தன் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். துணிக்குக் கிட்டத்தட்ட சம எடை போதும். கழுத்தில் சுமக்கிற தலைக்கவசத்துக்கு இந்த வித்தியாசம் சாயங்காலத்துக்குள் நன்றாகவே தெரிந்துவிடும். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் பிய்த்துப் போடுங்கள். பிசிறான ஓரம் பக்கத்துத் துண்டோடு கலந்துவிடும், மேடு தட்டாது.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த நினைத்தால் வரிசை முக்கியம். இறுகிய பாலியெஸ்டரை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினால் அதன் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். எபாக்ஸி மேல் பாலியெஸ்டரை அப்படி நம்ப முடியாது. அதோடு, இறுகிய எபாக்ஸியின் மேல் சில சமயம் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் மேடுபள்ளம் நிரப்பும் பட்டி வைக்க வேண்டும். பாலியெஸ்டரில் வேறு தொல்லை. மேற்பரப்பு காற்று பட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும். அடுத்த அடுக்குக்கு அது நல்லது, தேய்ப்பதற்கு ஆகாது. கடைசிப் பூச்சுக்கு மெழுகு கலந்த ரெசின் வாங்கிக்கொள்ளுங்கள்.

இழையே இல்லாமல், கார் பட்டியைப் பாலியெஸ்டரில் கலந்து உள்ளே ஊற்றிச் சுழற்றுகிறவர்களும் உண்டு. மடிப்புகளில் எல்லாம் புகுந்து நிரம்பும் என்றாலும் கனக்கும், கீழே விழுந்தால் விரிசல் விடும். இடுக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஜெஸ்மொனைட் போன்ற நீர் கலந்த அக்ரிலிக் கலவையில் நெடி கிடையாது, ஆனால் அதன் தண்ணீர் காகிதத்தை ஊற வைத்துவிடும். முன்கூட்டியே காகிதத்துக்கு வார்னிஷ் பூச முடியாதவர்களுக்கு அது வேண்டாம்.

முற்றமோ மொட்டை மாடியோ இருந்து, முழு உடல் கவசம் செய்கிறீர்கள் என்றால் பாலியெஸ்டரும் மேட்டும் எடுங்கள். அடுக்குமாடியில் இருந்துகொண்டு, ஒரே ஒரு தலைக்கவசம் செய்ய எபாக்ஸியும் மெல்லிய துணியும் போதும், அப்போதும் காற்றோட்டம் வேண்டும். எதில் செய்தாலும் இறுகிய பிறகு உள்பக்கம் ஊசி ஊசியாக இழை நீட்டிக்கொண்டிருக்கும். முழுக்கைச் சட்டையும் தூசி முகமூடியும் அணிந்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மேலே ஃபோம் ஒட்டுங்கள். ஒரு அடுக்கு மேட் ஒரு மில்லிமீட்டர்தான், ஃபோம் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் இடம் கேட்கும். அச்சிடும் முன்பே அதையும் அளவில் கூட்டிவிடுங்கள்.